சூரபன்மன் ராஜ்ஜியத்துக்கு அளவுகோல் எது?

ஒருவன் இணை உலகம் ஒன்றை உடைத்துவிட்டால் அவன் பலம் எவ்வளவு? அந்த உலகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு என்பது ஆனிமே, காமிக்ஸ் ரசிகர்களின் சூத்திரம். அதனால் சண்டை முழுக்க உலகத்தின் அளவைப் பற்றியதாகிவிடுகிறது. அங்கே வானத்தில் நட்சத்திரம் தெரிந்தால் போதும், 'பிரபஞ்ச அளவு' என்று முத்திரை விழுந்துவிடும். ஆனால் திரிசங்குவுக்காக விசுவாமித்திரர் தென்வானில் படைத்த சொர்க்கத்திலும் நட்சத்திரக் கூட்டம் உண்டு, தனியாக ஒரு சப்தரிஷி மண்டலமே உண்டு. அகலம் என்ன என்று வால்மீகி சொல்லவில்லை. 'டிராகன் பால்' கதையில், உள்ளே ஓராண்டு கழிந்தால் வெளியே ஒரு நாள் மட்டுமே ஆகும் அறையில் அடைபட்ட பூ என்ற அரக்கன் போட்ட கூச்சலில், அந்த அறையின் இடவெளியே கிழிந்து ஓட்டை விழுகிறது. அவன் போட்டது ஓட்டைதான். அறை முழுவதையும் அழித்தவனாக அவன் பேரில் கணக்கெழுதுவது எந்த நியாயம்?

அளவு சொல்லப்பட்ட கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டான். ரசிகர் பாஷையில் அவன் '1008 பிரபஞ்சங்களுக்கு' அதிபதி. பாகவதத்தைப் புரட்டினால் ஓர் அண்டத்தின் குறுக்களவு 50 கோடி யோசனை. ஒரு நூலின் எண்ணை இன்னொரு நூலின் அளவோடு பெருக்குவதே முறையல்ல. ஆனாலும் ரசிகர்கள் தினமும் செய்வது இதைத்தான் என்பதால் பெருக்கியே பார்ப்போம். யோசனை என்பது எத்தனை கிலோமீட்டர்? பூமியின் விட்டம் 1600 யோசனை என்கிறது சூரிய சித்தாந்தம். ஆரியபட்டர் கணக்கில் 1050. இன்றைய அளவான 12,742 கி.மீ.யை வைத்து வகுத்தால் முன்னதில் ஒரு யோசனை ஏறத்தாழ 8 கி.மீ., பின்னதில் 12 கி.மீ. சூரியனை நடுவில் வைத்தால், முதல் கணக்கில் அண்டத்தின் ஓடு 200 கோடி கி.மீ.யிலேயே முடிந்து, 287 கோடி கி.மீ. தொலைவில் சுற்றும் யுரேனஸ் வெளியே நிற்கும். இரண்டாவதில் ஓடு 300 கோடியைத் தொடும். யுரேனஸ் உள்ளே வந்துவிடும். யோசனை மாறியதும் ஒரு கிரகமே இடம் மாறிவிட்டது. பெரிய கணக்கையே எடுத்து 1008 அண்டங்களையும் வரிசையாக அடுக்கினாலும் 6 லட்சம் கோடி கி.மீ.யைச் சற்றே தாண்டுவோம். ஓர் ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் இருப்பது 4.2 ஒளியாண்டில். பாவம், அத்தனை தவம் செய்து வாங்கிய ராஜ்ஜியம் அதுவரைகூட எட்டவில்லை.

கதையில் வேறு விதமாகச் சொல்லாதவரை அதன் பிரபஞ்சத்தை நம் பிரபஞ்சத்தின் அளவாகவே கொள்ள வேண்டும் என்பார்கள் ரசிகர்கள். நம் பிரபஞ்சத்தையே அறியாத காலத்தில் பிறந்த அண்டத்துக்கு அந்த அளவை எப்படிப் பொருத்துவது? இக்காலக் கதைகளுக்கும் இது நிற்காது. 1985இல் தொடங்கிய 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' காமிக்ஸ் தொடரில் முடிவிலி பூமிகள் அழிந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. 2007இல் அதே கதையுலகில் 52 பிரபஞ்சங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். முடிவிலியை 1 ஆக்கி, பிறகு 52 ஆக்கியது கதை எழுதுபவர்களின் வசதிதான். விளையாட்டுக்குப் பேசுவதற்கு இவ்வளவு கணக்கா என்று கேட்பவர்களும் உண்டு. விளையாட்டுக்கும் விதி உண்டல்லவா.

இதை ஓசூரிலிருந்து பார்க்கும்போது கவலை கூடுகிறது. சிப்காட் டூல் ரூம்களில் மைக்ரோமீட்டரைத் திருகி, 0.01 மி.மீ. கூடினாலும் பீஸை ரிஜெக்ட் பெட்டியில் போடுகிற இளைஞர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கருவியின் மீச்சிற்றளவு என்ன, ஜீரோ எரர் எவ்வளவு என்று ஐ.டி.ஐ.யிலேயே படித்தவர்கள். அளவெடுப்பதற்கு முன் கருவியை மூடி ஜீரோ பார்க்காவிட்டால் சூப்பர்வைசர் விடமாட்டார். அந்த ஒழுங்கு கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. கைக்கு வந்த எண் பெரிதாக இருந்தால், எதிலிருந்து அளந்தது, எந்த அலகில் என்று யாரும் கேட்பதில்லை. கதையோடு போனால் பரவாயில்லை. ஊரைச் சுற்றி நிற்கும் மனை விளம்பரங்களைப் பாருங்கள்: 'பெங்களூருக்குப் பத்தே நிமிடம்.' எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர, எந்த நேரத்தில் என்ற விவரம் பலகையில் இராது. வேலையில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை போடுபவர்தான் இந்தப் பத்து நிமிடத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்கிறார். விளம்பரம் பொய் என்று சண்டைக்குப் போகவும் முடியாது: ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தாலே பெங்களூரு நகர்ப்புற மாவட்டம்தான்.