ஏழு கிலோ கண்ணாடிக்கு ஒரு கீல்

பின்பால் மெஷினுக்குள் ரப்பர் வளையம் ஒன்று அறுந்துவிட்டால், புதிதாக மாட்ட இரண்டு நிமிடம் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஆட்டப்பலகையை மூடியிருக்கும் கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும். வழக்கமான அளவு 21 அங்குல அகலம், 43 அங்குல நீளம். எடை ஏறத்தாழ 7 கிலோ. காசு போடும் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் நெம்புகோலைத் தள்ளி, முன்பக்கத்து இரும்புப் பட்டையைத் தூக்கி எடுத்த பிறகு, இருபுறக் காடிகளில் செருகியிருக்கும் கண்ணாடியைத் தன் பக்கமாக உருவ வேண்டும். உருவியதை எங்கே வைப்பது என்பதுதான் அசல் தலைவலி.

1992இல் பாலி நிறுவனம் வெளியிட்டு, 20,270 மெஷின்கள் விற்ற 'தி ஆடம்ஸ் ஃபேமிலி'யிலும் இதே ஏற்பாடுதான். குறை சொல்வதற்கும் இல்லை. கண்ணாடியில் ஒரு திருகுகூடக் கிடையாது. அளவு பொதுவானது என்பதால் உடைந்தால் வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம்.

உடைவதுதான் பயம். இது டஃபன்டு கண்ணாடி. எண்பது கிராம் எஃகுப் பந்து துள்ளி வந்து அடித்தாலும் தாங்கும் இதே கண்ணாடி, ஓரம் டைல்ஸ் தரையில் 'டக்'கென்று பட்டால் முழுவதுமாக நொறுங்கிவிடும். மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருப்பதால், ஓரிடத்தில் விழும் விரிசல் நொடியில் எங்கும் பரவிவிடுகிறது. ஆட்டப்பலகைக்கு மேலேயே உடைந்தால் இன்னும் மோசம்: துண்டுகள் பலகையின் துளைகள் வழியாக உள்ளே விழுந்து காயில்களிலும் சுவிட்சுகளிலும் சிக்கிக்கொள்ளும்.

அதனால்தான் கைத்திறமை உள்ள சில உரிமையாளர்கள், கண்ணாடியை உருவாமல் கார் டிக்கி போலத் தூக்கித் திறக்கக் கீல் பொருத்துகிறார்கள். கேட்க எளிது, செய்வது அப்படியல்ல. டஃபன்டு கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது, முயன்றால் சிதறிவிடும். ஒன்று, பதப்படுத்தும் முன்பே துளையிட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடிக்கு ஒரு சட்டம் கட்டி, கீலைச் சட்டத்தில் அடிக்க வேண்டும். சட்டம் போட்டால் எடை கூடும். அதைத் தாங்க இருபுறமும் கேஸ் ஸ்ட்ரட் தேவை. வலு குறைந்ததைப் போட்டால், வேலை செய்பவரின் தலைமேல் கண்ணாடி இறங்கும்.

கீலை எங்கே வைப்பது? பின்பக்கம் வைத்தால், பல்பு மாற்ற, பலகையைத் துடைத்து மெழுகு பூச வசதி. ஆனால் காயிலைப் பார்க்க ஆட்டப்பலகையையே நிமிர்த்திப் பின்னால் சாய்க்க வேண்டும். அந்த இடத்தை ஏற்கெனவே கண்ணாடி பிடித்துக்கொண்டிருக்கும். பக்கவாட்டுக் கீலே மேல் என்று சொல்லலாம். அதற்குப் பக்கத்துக் காடியை மாற்றியமைக்க வேண்டும், பெட்டியில் துளையும் போட வேண்டும். பழைய மெஷின் சேகரிப்பவர்களுக்கு அந்தத் துளையைக் கண்டாலே ஆகாது, விலை இறங்கும்.

இன்னொரு விஷயம். திறப்பது சுலபமானதும், மூடாமலேயே பந்தை ஓடவிட்டுச் சோதிக்கத் தோன்றும். பந்து முகத்துக்கு எகிறக்கூடும். 1990களின் நடுவிலிருந்து வந்த பல மெஷின்களில் காசுக் கதவைத் திறந்ததுமே காயில்களுக்கான மின்சாரம் நின்றுவிடும். கீல் போடுகிறவர்கள் மின்சாரத்தை நிறுத்தும் அந்தக் கதவுச் சுவிட்சை மட்டும் தொடாமல் விடுவது நல்லது.