உங்களுக்குத் தெரியுமா? 23 என்றால் 23 இல்லை!

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘தி வால்’ ஆல்பம் அமெரிக்காவில் 23 பிளாட்டினம் பெற்றது. ஒரு பிளாட்டினம் 10 லட்சம் பிரதிகள். அப்படியானால் 2 கோடியே 30 லட்சமா? இல்லை. அது இரட்டை இசைத்தட்டு. அங்கே ஒவ்வொரு தட்டையும் தனியாக எண்ணுவார்கள். உண்மையில் 1 கோடியே 15 லட்சம் தொகுப்புகள்தான். அதுவும் கடைகளுக்கு அனுப்பிய கணக்கு.

2016 முதல் அங்கே ஓர் ஆல்பத்தின் பாடல்களை 1,500 முறை இணையத்தில் கேட்டாலே ஓர் ஆல்பமாகச் சேர்கிறது.

கணக்கில் சேராத விற்பனையும் உண்டு. நம் மலேசியாவின் பினாங்கில் உருவானது ‘அலிகேட்ஸ்’ இசைக்குழு. அதில் பாடிய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதையும் ஈர்த்தவர்கள். ஆனால் அவர்கள் காலத்தில் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தைகளில் மலிவாகக் கிடைத்த திருட்டு கேசட்டுகள் எந்தக் கலைஞரின் விற்பனைப் பட்டியலிலும் ஏறவே இல்லை.