பல்கலைக்கழக கஜானா காலியானால் யார் தலையில் விடியும்? சிதம்பரம் சொல்லும் பாடம்

காட்டுமன்னார்கோயில்:-

பல்கலைக்கழகத்தில் பணம் இல்லை என்று செய்தி வந்தால், "அது படிச்சவங்க பிரச்சினை, நமக்கு என்ன?" என்று பேப்பரை மடித்து வைத்து விடுகிறோம். ஆனால் அந்தப் பற்றாக்குறை கடைசியில் வந்து நிற்பது நம்ம வீட்டு வாசலில்தான்.

காட்டுமன்னார்கோயில் அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குப் பட்டம் கொடுப்பது சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் சம்பளம் போடவே திண்டாடியது. ஏன் அந்த நிலை வந்தது?

வரவு எங்கே, செலவு எங்கே?

பல்கலைக்கழக பட்ஜெட்டும் வீட்டு பட்ஜெட் மாதிரிதான். வரவு முக்கியமாக மூன்று வழியில் வருகிறது. ஒன்று, மாநில அரசு தரும் மானியம். இரண்டு, மாணவர்கள் கட்டும் பணம். படிப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், தொலைதூரக் கல்வி வருமானம் எல்லாம் இதில் அடக்கம். மூன்று, ஆராய்ச்சிக்காக மத்திய அமைப்புகள் தரும் நிதி. இதை எடுத்து சம்பளம் போட முடியாது. எதற்குக் கொடுத்தார்களோ அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

செலவில் பெரும்பகுதி சம்பளமும் பென்சனும்தான். மானியம் குறைகிறது என்பதற்காக இந்த இரண்டையும் குறைக்க முடியாது. அப்போ கத்தி எங்கே விழும்?

காலியான பேராசிரியர் இடம் நிரப்பப்படாது. அந்த வகுப்பை குறைந்த சம்பளத்தில் கவுரவ விரிவுரையாளர் எடுப்பார். லேபுக்கு வாங்க வேண்டிய பொருள் தள்ளிப்போகும். ஹாஸ்டலில் ஒழுகும் கூரை அடுத்த வருஷம் வரை ஒழுகும். அதுவும் போதாவிட்டால் கட்டணம் ஏறும்.

சிதம்பரத்தில் நடந்தது என்ன?

வடவாற்றில் வரத்து குறைந்தால் வீராணம் ஏரி என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரத்தைப் பார்க்காமல் மதகைத் திறந்தே வைத்திருந்தால் தரை தெரிந்து விடும். சிதம்பரத்தில் நடந்தது அதுதான்.

அண்ணாமலை பல்கலைக்கழகம் 1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரால் நிறுவப்பட்டது. 1979-ல் தொலைதூரக் கல்வி தொடங்கியது. அதில் நல்ல வருமானம் வந்தது. ஆட்களும் தேவைக்கு மேல் சேர்க்கப்பட்டார்கள். 2012-ல் ஊழியர் எண்ணிக்கை 12 ஆயிரத்தைத் தாண்டி நின்றது.

அந்த ஆண்டு கடைசியில் சம்பளத்தில் கை வைக்கப் போவதாகத் தெரிந்ததும் போராட்டம் வெடித்தது. பல்கலைக்கழகம் காலவரையின்றி மூடப்பட்டது. 2013 ஏப்ரலில் ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனாவை அரசு நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டில் தனிச்சட்டம் கொண்டு வந்து பல்கலைக்கழகத்தை அரசே எடுத்துக் கொண்டது.

அரசு எடுத்தாலும் 12 ஆயிரம் பேரின் சம்பளக் கணக்கு அப்படியே இருந்தது. உபரி ஊழியர்களை அரசு கல்லூரிகளுக்கும் மற்ற துறைகளுக்கும் அயல்பணியில் அனுப்பினார்கள். சிதம்பரத்தில் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று இருந்தவர்கள் வெளியூருக்குப் பெட்டி தூக்க வேண்டியதாயிற்று. கணக்கு போடாமல் ஆள் சேர்த்தவர்கள் வேறு, அவதிப்பட்டவர்கள் வேறு.

மாணவர்கள் தலையில் விழுந்த சுமை

அடுத்த அடி மாணவர்களுக்கு. பல்கலைக்கழகம் அரசு வசம் வந்த பிறகும் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ரூ.5 லட்சத்துக்கு மேல் இருந்தது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் சுமார் ரூ.13 ஆயிரம்தான்.

"அரசு காலேஜ் என்றால் அரசு கட்டணம்தானே வாங்கணும்?" என்று கேட்டு மாணவர்கள் 2020 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். 50 நாள் வரை நீடித்த இந்தப் போராட்டத்துக்குப் பிறகு 2021 ஜனவரியில் கல்லூரியை சுகாதாரத்துறைக்கு மாற்றி அரசு உத்தரவு போட்டது. அதுவே கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது.

இன்னொரு பக்கம் தொலைதூரக் கல்வியும் சிக்கலில் மாட்டியது. 2014-15 வரைக்கும்தான் அனுமதி என்று யு.ஜி.சி. 2022 மார்ச்சில் அறிவித்தது. பிரச்சினை கோர்ட் வரை போனது. பெரிய வரவு வாய்க்காலே அடைபட்டால் பட்ஜெட் என்ன ஆகும்?

இது சிதம்பரத்தோடு நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் ரூ.424 கோடி வரி பாக்கிக்காக சென்னை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்திலும் சம்பளம், பென்சன் கேட்டு ஊழியர்கள் போராடினார்கள்.

நாம என்ன பார்க்கணும்?

2021 ஆகஸ்டில் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்குப் பிறகு நம்ம மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலை பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. இதனால் நம்ம பிள்ளைகள் கட்டும் பரீட்சைக் கட்டணமும் அதன் வரவில் ஒரு பங்கு. எனவே கேள்வி கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

* தொலைதூரக் கல்வியில் சேரும் முன், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பார்க்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

* எந்தப் பணம் கட்டினாலும் ரசீது வாங்க வேண்டும்.

* கல்லூரியில் பாடத்துக்கு நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழக வரவு செலவை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டும் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் ரூ.10 மட்டுமே.

கஜானா ஒரே நாளில் காலியாவதில்லை. வருஷக்கணக்கில் யாரும் கணக்கு கேட்காததால்தான் காலியாகிறது.