கணிப்பொறிப் பேரேடும் சங்கப் பட்டியலும்

சில ஆண்டுகளுக்கு முன், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருக்கையில் போனஸ் பட்டியல் எடுக்கப்பட்டது. அங்கத்தினர் 212 பேர். பட்டியலில் இருந்ததோ ஒரே ஒரு பெயர்! முதல் எண் அங்கத்தினரின் பெயரும் அவர் அவ்வாண்டில் பெற்ற கூலி விவரமும் செவ்வையாக அச்சாகியிருந்தன. அதன் கீழ் வெற்றுத்தாள். பிழை நேர்ந்ததாகக் கணிப்பொறி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதிவேடுகளே அழிந்து போயினவோ என்று குமாஸ்தா கலங்கிப் போனார். பதிவேடுகள் பத்திரமாகவே இருந்தன. அவற்றைப் படித்த முறையில்தான் கோளாறு.

இன்று பல சங்கங்களின் கணக்குகள் கணிப்பொறியில் ஏறிவிட்டன. நிரலை எழுதுகிறவர் பெரும்பாலும் அங்கத்தினர் ஒருவருடைய மகனாகவோ மகளாகவோ இருக்கிறார். ஆகவே இவ்விஷயத்தை நம் அங்கத்தினர்களும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

மேற்சொன்ன சங்கத்தின் நிரல் பி.எச்.பி. என்னும் மொழியில் எழுதப்பட்டது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்த வலைப்பக்கத்துக்காக 1994-இல் ஆக்கத் தொடங்கி, 1995-இல் பொதுவில் வெளியிட்ட மொழி அது. பதிவேடுகள் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தில் இருந்தன. “அங்கத்தினர் அனைவரையும் எண் வரிசையில் கொடு” என்று நிரல் வினவினால், தரவுத்தளம் ஒரு விடைக்கட்டைத் தருகிறது. அக்கட்டை முழுவதும் ஒரே பார்வையில் படித்துவிட இயலாது. பேரேட்டில் விரல் வைத்து வரி வரியாகப் படிப்பது போல, “அடுத்த வரி” என்று கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாக வரும். விரலும் கீழே இறங்கும். கடைசி வரி தாண்டியபின் கேட்டால் “ஒன்றுமில்லை” என்று விடை வரும். வரி வரும் வரையில் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்விப்பதற்கு ‘வைல்’ சுற்று என்று பெயர்.

போனஸ் பட்டியலுக்கு இரண்டு பதிவேடுகள் தேவை. வெளிச்சுற்று அங்கத்தினர் பதிவேட்டில் ஒரு வரியை எடுக்கும். அந்த அங்கத்தினருக்காக உட்சுற்று கூலிப் பேரேட்டை வினவி, அவருடைய வரிகளைப் படிக்கும். இதுவரை தவறில்லை. ஆனால் நிரலை எழுதியவர் அங்கத்தினர் கட்டுக்கு ‘விடை’ என்று பெயரிட்டார். கூலிக் கட்டுக்கும் அதே ‘விடை’ என்றே பெயரிட்டுவிட்டார். நிரலில் ஒரு பெயர் என்பது சுவரில் அடித்த ஆணியைப் போன்றது. அதில் ஒரு பைதான் தொங்கும். கூலிப் பையை மாட்டியதும் அங்கத்தினர் பை கழன்று விழுந்தது. முதல்வருடைய கூலி வரிகள் தீர்ந்தபின் வெளிச்சுற்று திரும்பி வந்து “அடுத்த வரி” என்று கேட்டது. ஆணியில் இருந்ததோ படித்து முடித்த கூலிக் கட்டு. “ஒன்றுமில்லை” என்ற விடையைக் கேட்டு, அங்கத்தினரே தீர்ந்துவிட்டனர் என்று சுற்று நின்றுவிட்டது. கணிப்பொறி தனக்கு இட்ட கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றிற்று. அதனால்தான் பிழைச் செய்தி வரவில்லை.

கட்டுக்கு மட்டுமன்று, எடுத்த வரிக்கும் வெவ்வேறு பெயர் இட வேண்டும். கட்டுகளின் பெயரை மாற்றி வரியின் பெயரை மாற்றாது விட்டால், 212 பேரும் வருவர். ஆனால் உட்சுற்றுக்குப் பின் அச்சிட வேண்டிய அங்கத்தினர் பெயர் மட்டும் வெறுமையாக இருக்கும்.

இதற்கு உறவான மற்றொரு பிழையும் உண்டு. 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் நூல்களுக்குரிய கூலி விகிதங்களை ஒரே முறை வினவி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அக்கட்டையே படிக்க முயன்றால், முதல்வருக்கு விகிதம் கிடைக்கும்; மற்றவர் எவருக்கும் கிடையாது. விரல் அடியில் நிற்கிறதல்லவா? ஒன்று, விரலை மீண்டும் முதல் வரிக்கு ஏற்றும்படி கட்டளையிட வேண்டும்; அன்றேல், வரிகளை முதலிலேயே ஓர் அணியில் நிரப்பிக்கொண்டு, ‘ஃபார்ஈச்’ சுற்றால் வேண்டுமளவு படிக்கலாம். பின்னதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

பெயர்களைத் திருத்திவிட்டாலும் ஒரு சிரமம் எஞ்சுகிறது. அங்கத்தினர் பட்டியலுக்கு ஒரு வினவல். ஒவ்வொருவருக்கும் கூலிக்கு ஒன்று, முன்பணத்துக்கு ஒன்று. ஆக 425 வினவல்கள். ஒரு பட்டியலுக்காகக் குமாஸ்தா 425 முறை அலமாரிக்கு நடப்பதற்கு இது ஒப்பாகும்.

இதைத் தவிர்க்க எண்ணிச் சிலர் மூன்று பதிவேடுகளையும் ‘ஜாயின்’ என்னும் இணைப்பால் ஒரே வினவலில் பிணைத்துவிடுகின்றனர். இங்குதான் பணம் தவறிப்போகும் இடம் இருக்கிறது. ஓர் அங்கத்தினர் 4 தடவையாக, தடவைக்கு ரூ. 5,000 வீதம் ரூ. 20,000 கூலி பெற்றார் எனவும், 3 தடவையாக ரூ. 3,000 முன்பணம் வாங்கினார் எனவும் கொள்வோம். இணைப்பில் ஒவ்வொரு கூலி வரியும் ஒவ்வொரு முன்பண வரியோடும் சேர்ந்து 12 வரிகள் ஆகும். கூட்டிப் பார்த்தால் கூலி ரூ. 60,000, முன்பணம் ரூ. 12,000! போனஸ் மும்மடங்கு, பிடித்தம் நான்கு மடங்கு. முன்பணமே வாங்காத அங்கத்தினரோ, சாதாரண இணைப்பில் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுவார். சங்கத்துக்கு ஒரு காசும் கடன்படாதவர் பெயர் விடுபடுவது எவ்வளவு விபரீதம்! ‘லெஃப்ட் ஜாயின்’ என்னும் இடப்புற இணைப்பு அவரைக் காப்பாற்றும். ஆனால் மடங்காகும் பிழையை அது தடுக்காது. மூட்டை வரவையும் பிடித்தங்களையும் இவ்வாறு பிணைக்கும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

நேரிய முறை யாதெனில், மூன்று பதிவேடுகளையும் தனித்தனியே ஒரு முறை மட்டும் வினவுவது. கூலியையும் முன்பணத்தையும் அங்கத்தினர் எண்வாரியாகத் தொகுத்துக் கூட்டித் தரும்படி தரவுத்தளத்தையே கேட்கலாம். ‘குரூப் பை’ என்னும் சொற்றொடர் அதற்கென்றே உள்ளது. வந்த கூட்டல்களை அங்கத்தினர் எண் எழுதிய மாடங்கள் போன்ற இரண்டு அணிகளில் இட்டுவைக்க வேண்டும். பெயரை எழுதிப் பிரயோஜனமில்லை. நம் சங்கங்களில் ஆறுமுகங்கள் எத்தனை பேர்! பின்னர் அங்கத்தினர் பட்டியலில் ஒரே சுற்று. ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய மாடத்தைப் பார்த்துத் தொகையை எழுத வேண்டும். மாடம் இல்லையேல் 0 என்று எழுத வேண்டும். இதற்கெனவே 2015-இல் வெளிவந்த 7-ஆம் பதிப்பு முதல் இரட்டைக் கேள்விக்குறி என்னும் குறியீடு பி.எச்.பி.யில் இருக்கிறது. (பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைத் தொகுதி நீக்கப்பட்டதும் அதே பதிப்பில்தான். பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதுவோர் கவனிக்க.) 425 வினவல்கள் 3 ஆகின்றன. ஒருவர் பெயரும் விடுபடாது, எத்தொகையும் பெருகாது.

அந்தச் சங்கத்தில் நிரலை இம்முறையில் மாற்றி எழுதினர். இரண்டாம் பட்டியலில் 212 பெயர்களும் வந்தன. எனினும் குமாஸ்தா உடனே அதைத் தலைவரின் கையொப்பத்துக்கு அனுப்பவில்லை. பட்டியலின் கூலிக் கூட்டலையும் கையால் எழுதிய கூலிப் பேரேட்டின் ஆண்டுக் கூட்டலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பின்பு முன்பணம் வாங்காதவர் எண்மரின் பெயர்களைத் தேடி, ஒவ்வொன்றின் எதிரேயும் சிவப்பு மையால் குறியிட்டார். பட்டுவாடா தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக நடந்தது.