பழைய நூலும் ஒலிநூலும்: வாங்குவோரின் உரிமைகள்

சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையான பின்னரும் பழைய புத்தக வணிகம் அல்லிக்குளம் வளாகத்திலும் மயிலாப்பூர் லஸ் முனையிலும் தொடர்ந்ததற்கு வாசகர்களின் ஆர்வத்தோடு சட்டத்தின் இடங்கொடுப்பும் காரணமாகும். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒருமுறை விற்கப்பட்ட படியைப் புழக்கத்துக்கு வந்துவிட்ட படியாகவே கொள்வதால், அதை வாங்கியவர் மறுபடி விற்பதற்குப் பதிப்பாளரின் இசைவைப் பெற வேண்டியதில்லை.

இவ்வுரிமை முறையாக அச்சிடப்பட்ட படிக்கே பொருந்தும். உரிமையாளரின் அனுமதியின்றி அச்சிடப்படும் திருட்டுப் பதிப்புக்குப் பொருந்தாது. எழுத்து மங்கியோ மை பரவியோ இருத்தல், பக்க ஓரங்கள் கோணலாக வெட்டப்பட்டிருத்தல், விரித்தவுடன் முதுகுப் பசை விட்டுப் போதல் ஆகியவை அதன் வழக்கமான அடையாளங்கள். பழைய புத்தகக் கடையில் இவ்வடையாளங்களோடு கிடைக்கும் கசங்காத புது நூலைத்தான் அதிகம் ஐயப்பட வேண்டும். பதிப்புரிமையை அறிந்தே மீறுவோருக்கும் அதற்குத் துணைபோவோருக்கும் 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அசல் நூலிலும் ஏமாற்றத்துக்கு இடமுண்டு: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்கு முந்தைய குற்றவியல் சட்டப் பாடநூல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இன்றைய தேர்வுக்குப் போதாது.

ஒலிநூலின் நிலை வேறு. செயலியில் பணம் செலுத்துபவர் பெறுவது பெரும்பாலும் கேட்பதற்கான உரிமம், அதாவது நிபந்தனைக்கு உட்பட்ட அனுமதி மட்டுமே என்பதால், அதை அவர் பழைய நூலைப் போலப் பிறருக்கு விற்க இயலாது. 1954-இல் மறைந்த கல்கியின் நூல்களுக்கு, ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்ற காப்புக்காலம் 2014-உடன் முடிந்துவிட்டதால், அவற்றை எவரும் வாசித்துப் பதிவு செய்யலாம்; ஆனால் அவ்வாறு ஒருவர் செய்த ஒலிப்பதிவுக்கு அது வெளியான பின் 60 ஆண்டுகள் தனி உரிமை உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. செலவின்றிக் கேட்க விரும்புவோருக்கு, உரிமைக்காலம் கடந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து வழங்கும் லிப்ரிவாக்ஸ் 2005 முதல் இயங்கி வருகிறது.

இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் கணக்கிலிருந்து சந்தா தானாகவே பிடிக்கப்படுவது ஒலிநூல் கேட்போர் கவனிக்க வேண்டிய இடர். இத்தகைய தொடர் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி அறிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அறிவிப்பு வந்தவுடன் வாடிக்கையாளர் பிடித்தத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

இணையத்தில் வாங்கிய நூல் விவரித்தபடி இல்லையெனில், முதலில் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் முறையீடு கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு காண 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. அதன் பின்னும் தீராவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையெனில் கட்டணமே இல்லை. வணிகராக அல்லாமல் தம் வீட்டு நூலை விற்கும் தனிநபர் மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எளிதில் பாயாது என்பதால், அவரிடம் நூலைப் புரட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. முன்பணம் வாங்கிக்கொண்டு தலைமறைவாகும் மோசடிக்காரரைப் பற்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் தாமதமின்றித் தெரிவித்தால், பணம் கைமாறிப் போகுமுன் அதை முடக்கி வைக்க வாய்ப்புண்டு.