கடல் கடந்து குடியேறும் முதல் வாரம்

அம்பூரி, வெள்ளறடை, பாறசாலை முதலிய எல்லைப்புற ஊர்களிலிருந்து வேலையின் பொருட்டு வளைகுடா நாடுகளுக்குச் செல்வது புதிதன்று. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் துபாய். கணவர் முன்னரே சென்றிருக்க, மனைவியும் பிள்ளைகளும் பின்னர் சென்று சேரும் முதல் வாரத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

அந்த வாரத்தின் தொல்லைகளுள் பாதி, புறப்படுமுன்னரே தொடங்கிவிடுகிறது. குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். அதற்கு முதலில் அச்சான்றிதழை வழங்கிய மாநில அரசும், அடுத்து நம் வெளியுறவு அமைச்சகமும், பின்னர் அமீரகத் தூதரகமும் சான்றொப்பம் அளித்தல் வேண்டும். 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்திற்கும், நெய்யாற்றின்கரை கேரளத்திற்கும் சென்றன. பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் அந்த எல்லையைப் பார்ப்பதில்லை. ஆகவே அருமனையில் திருமணத்தைப் பதிவு செய்த அம்பூரித் தம்பதியர் அச்சான்றிதழுக்குத் தமிழக அரசையே நாட வேண்டும். திருவனந்தபுரத்தில் அது முடியாது.

துபாயில் இறங்கியபின் எல்லாம் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. 18 வயது நிறைந்தோருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. கைரேகைப் பதிவும் முடிந்த பின்னரே எமிரேட்ஸ் அடையாள அட்டை கிடைக்கும். அது முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது. வாடகை ஒப்பந்தத்தை 'இஜாரி' முறையில் பதிந்தால்தான் மின்சாரமும் நீரும் வரும். அவற்றுக்கான வைப்புத்தொகை அடுக்ககத்திற்கு 2,000 திர்ஹாம், தனி வீட்டிற்கு 4,000 திர்ஹாம். வாடகையைப் பெரும்பாலும் மாதந்தோறும் வாங்குவதில்லை; முன்தேதியிடாது, வருங்காலத் தேதியிட்ட சில காசோலைகளாக ஆண்டு முழுமைக்கும் பெற்றுக்கொள்கின்றனர். காசோலைக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும். கணவர் முன்னதாகச் சென்று வீடு அமர்த்திய பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்வதே நலம் என்று நாங்கள் கூறுவது இதனால்தான். 2022-இல் அந்நாட்டுச் சட்டம் சற்றுத் தளர்ந்தது உண்மையே. ஆயினும் பணமின்றித் திரும்பிய காசோலையைக் கொண்டு வீட்டுக்காரர் நேரே நிறைவேற்று நீதிமன்றத்தை அணுகலாம்.

இனி, நம் கிளையில் செய்ய வேண்டியவை. வெளிநாட்டு வேலைக்கெனப் புறப்பட்டவர், அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிறார். வருமான வரிச் சட்டமோ நாட்கணக்கைப் பார்க்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருத்தல் கூடாது. அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற எழுதித் தருக. ரப்பர் விற்ற பணமும் கடை வாடகையும் அதில்தான் சேரும். அதன் வட்டியில் 30 விழுக்காடும் அதன்மேல் தீர்வையும் வரியாகப் பிடிக்கப்படும். துபாய்ச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு உண்டு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. எப்போது வேண்டினும் பணத்தை மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாம். ஊரிலுள்ள தாயார் வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்க வேண்டுமெனில், அவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்துச் செல்லுதல் போதும். ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் அவர் கையில் கொடுத்துச் செல்லும் வழக்கத்தை விட்டொழியுங்கள்.

இந்திய சிம் அட்டையைக் கழற்றி வைத்துவிடுவதால் நேரும் இடரும் சிறிதன்று. ஆதாருக்கான ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வரும். எண் செயலிழந்துவிட்டால் அக்கடவுச்சொல்லைப் பெற இயலாது. ஆகவே ரோமிங் வசதியுடன் அதனை உயிர்ப்புடன் வைத்திருங்கள்.

ரப்பர் தோட்டத்தை என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். இங்கு வசித்த காலத்தில் வாங்கிய நிலத்தையும் மரபுரிமையாக வந்த நிலத்தையும் வெளிநாடு சென்றபின் வைத்துக்கொள்ளத் தடையில்லை. புதிதாக விளைநிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்குவதற்குத்தான் பொது அனுமதி இல்லை. பக்கத்து வயல் விலைக்கு வருகிறது என்று ஊரிலிருந்து தொலைபேசி வந்தால், முன்பணம் அனுப்புமுன் கிளையில் ஒரு சொல் கேளுங்கள். அமீரக நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. இங்கே காலை 10 மணி என்றால் அங்கே எட்டரை.