பனிக்கால டயருக்கு எமன் வெயில்தான்... தெரியுமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் என்றதும் கள்ளிச்செடியும் பாலைவனமும்தானே நினைவுக்கு வரும்? அதே மாநிலத்தில் 2,100 மீட்டர் உயரத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் என்றொரு ஊர் இருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் அங்கே சராசரியாக இரண்டு மீட்டருக்கும் மேல் பனி கொட்டுகிறது! அங்கிருந்து தெற்கே காரைக் கிளப்பினால், மலையிறங்கி சுமார் 230 கிலோமீட்டரில் ஃபீனிக்ஸ் நகரம். ஜனவரியிலும் பகலில் 20 டிகிரி. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரிக்குக் கீழே இறங்காத உச்ச வெப்பத்தைக் கண்ட ஊர் அது. காலையில் பனியைச் சுரண்டிவிட்டுப் புறப்பட்டவர் மதியச் சாப்பாட்டுக்கு வெயிலில் நிற்பார். கார் ஒன்றுதான், டயரும் ஒன்றுதான். அந்த டயர் என்ன பாடுபடும், யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

எல்லாம் 7 டிகிரியில் இருக்கிறது! அதற்குக் கீழே குளிர் இறங்கினால் சாதாரணக் கோடை டயரின் ரப்பர், மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, இறுகத் தொடங்கிவிடும். இறுகிய ரப்பருக்குச் சாலையைப் பிடிக்கத் தெரியாது. பனிக்கால டயரோ கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்த்துச் செய்யப்படுகிறது. சாலையைத் தொடும் அதன் ரப்பர்க் கட்டிகளை, அதாவது பட்டன்களை, உற்றுப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நெளிநெளியாக ஓடும். ரப்பரில் இப்படிக் கீறல் போடும் முறைக்கு ஜான் சைப் என்ற அமெரிக்கர் 1923இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். டயர்களில் அந்த யோசனை பரவியது பிறகுதான்.

இன்னொரு அதிசயம். பனிக்கால டயர் தன் பள்ளங்களில் பனியை வேண்டுமென்றே அடைத்து வைத்துக்கொள்கிறது. ஏனென்றால் பனியை ரப்பர் பிடிப்பதைவிடப் பனியே நன்றாகப் பிடிக்கும்!

இப்போது இதே டயரைக் கொதிக்கும் தாரில் ஓட்டுங்கள். ஃபீனிக்ஸ் கோடையில் சாலையின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும்; தவறி விழுந்தவர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போகிறார்கள். ஏற்கெனவே இளகிய ரப்பர் அங்கே இன்னும் இளகிவிடும். கீறல்கள் நிறைந்த உயரமான பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போது மடிந்து நெளியும். வளைவில் ஸ்டீயரிங் திருப்பினால் கார் ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். கோடை டயர் நின்றுவிடும் இடத்தைத் தாண்டிப் பல மீட்டர் ஓடித்தான் இந்தக் கார் நிற்கும். அந்தப் பல மீட்டருக்குள் சைக்கிளில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால்? ‘பனியிலேயே பிடிக்கிற டயர், காய்ந்த சாலையில் இன்னும் நன்றாகப் பிடிக்காதா’ என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது, பாருங்கள்!

நெளிகிற ரப்பர் சூடாகிறது, சூடாகிற ரப்பர் வேகமாகத் தேய்கிறது, கூடவே எரிபொருளும் வீணாகிறது. இதில் நெஞ்சைப் பதறவைக்கும் சேதி ஒன்று உண்டு. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1988இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய பிளிசாக் டயரின் ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. பனிக்கட்டியின் மேல் படரும் மெல்லிய நீர்ப்படலத்தை அவை உறிஞ்சிவிடும். ஆனால் அந்த வரிசையில் வந்த பல டயர்களில் இந்த மாய ரப்பர் பட்டனின் மேல்பாதி அளவுக்குத்தான். அதற்குக் கீழே இருப்பது வேறு ரப்பர். ஒரு கோடை முழுக்க ஓட்டினால் எது தேயும்? காசு கொடுத்து வாங்கிய அந்த மேல்பாதிதான்! அடுத்த பனிக்காலத்தில் பார்த்தால் டயர் கறுப்பாக, வட்டமாக, பட்டனோடுதான் இருக்கும். பிடிமானம் மட்டும் போயிருக்கும். ஆஸ்திரியாவில் சாதாரண ரேடியல் டயரின் பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால், சட்டப்படி அது பனிக்கால டயரே அல்ல.

சட்டம் என்றதும் இத்தாலி நினைவுக்கு வருகிறது. காரின் பதிவு ஆவணத்தில் குறித்த வேகத்தகுதியைவிடக் குறைந்த தகுதியுள்ள பனிக்கால டயரை அங்கே கோடையில் ஓட்டக் கூடாது, பிடிபட்டால் அபராதம். கனடாவின் கியூபெக்கில் இதற்கு நேரெதிர்: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் கார் சாலைக்கே வரக் கூடாது! நம்மவர்கள் நிறைய வாழும் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் பனிக்கால டயர் மாட்டினால் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது.

உலகின் முதல் பனிக்கால டயர் எங்கே பிறந்தது, தெரியுமா? 1934இல், பின்லாந்தில், லாரிகளுக்காக! செய்தது நோக்கியா ஊரின் ரப்பர் ஆலை. ஆமாம், பிற்பாடு நம் கையில் தவழ்ந்த நோக்கியா செல்பேசியும் அதே தொழில் குடும்பத்தின் பிள்ளைதான்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது வேறு. பனிக்கால டயரை இளகவைக்கும் இயற்கை ரப்பரைத் தரும் மரம் பனியைத் தாங்கவே தாங்காது! வெப்பமும் மழையும் வேண்டும் அதற்கு. பிரேசில் காட்டிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்கு வந்த விதைகள் முளைத்து, 1876இல் கன்றுகளாக இலங்கையின் ஹெனரத்கொடவுக்குக் கப்பலேறின. இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அந்த மரம் பால் வடிக்கிறது. வெயில் நாட்டுப் பால், பனி நாட்டில் உயிர் காக்கிறது!

ஆகவே பனி நாட்டில் வாழும் சொந்தங்களே, வசந்தம் வந்து காலைக் குளிரே 7 டிகிரிக்கு மேல் நிலைத்துவிட்டால் டயரை மாற்றிவிடுங்கள். ஒரு டயர் ஓடும்போது மற்றொன்று ஓய்வெடுப்பதால் இரண்டு செட்டும் கூடுதல் காலம் உழைக்கும். செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இராது. வெப்ப நாட்டில் பழைய டயர் வாங்குகிறவர்களும் விலை பேசுவதற்கு முன் அதன் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். மூன்று சிகர மலைக்குள் ஒரு பனிப்பூ முத்திரை இருந்தால், அது பனிக்கென்று வைத்த தேர்வில் தேறிய டயர். டயரின் பக்கவாட்டில், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்கம் இருக்கும்: 3223 என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பனிப்பூ முத்திரையோடு வயதும் ஏறியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.